பதினெட்டில் வைத்த பருவம்

ஆமர் வீதி, இரும்புக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
சனிக்கிழமைகளில் மட்டும் அங்கே நான்தான் நாக்கு.
லியாங் வைத்தியர் சீனத்தில் சொல்வதைத்
தமிழாக்கிக் கொடுக்க
மணித்தியாலத்துக்கு எழுநூறு ரூபாய்,
பிளேன்டீ வேறு.

இன்றைக்கு ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.
ச்சியூ ட்ஸாவ், என்கிறார்.
இலையுதிர் காலத்து வறட்சி.
வெளியே புரட்டாசி இடி,
ஜிந்துப்பிட்டி முடக்கில் முழங்காலளவு வெள்ளம்.
தகரத்தில் விழும் மழைக்கு மேலால் கத்துகிறேன்:
"அக்கா, இது வறண்ட காலமாம்."

பெர்னடீன் அக்கா
தன் குடை சொட்டிய தரையைப் பார்க்கிறாள்.
பிறகு என்னை.
"ஆருக்கு?"

இருமல் தொடங்கி ஏழு கிழமை.
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து
தூரத்து ரயிலைக் கேட்பவர்போல அவர்
கண்ணை மூடியிருக்கிறார்.
நாக்கை நீட்டச் சொல்கிறார். நுனி சிவப்பு, ஈரம் போதாது.
நுரையீரல் கூச்சம் பிடித்தது,
காய்ந்த காற்று வந்தால் முதலில் அதுதான் ஒளியும்.
பேரிக்காயைக் கற்கண்டோடு அவித்துக் குடி.
கொச்சிக்காயைக் குறை. வெள்ளெள்ளு நல்லது.
கழுத்தைத் திறந்து போடாதே.
நேரத்துக்குப் படு.

நான் சொல்லச் சொல்ல
பில் துண்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தவள்
பேரிக்காய்க்குத் திரும்பிப் போய் அடிக்கோடு போட்டாள்.
"பெயார்ஸ் ஒண்டு என்ன விலையெண்டு தெரியுமா இவருக்கு?"
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எங்கே வேலை?
சூப்பர் மார்க்கெட், மரக்கறிக் குளிர் அறை.
காலை ஆறிலிருந்து பின்னேரம் மூன்று வரை
லீக்ஸுக்கும் கரட்டுக்கும் தோதான குளிரில் நின்று
நுவரெலியாக் கோவாவின் வெளி இலைகளை
உரித்து, உரித்து,
கூடையில் போடுவது.

லியாங் தலையாட்டினார். அவருக்கு விளங்கிவிட்டது.
எனக்குக் கொஞ்சம் பிந்தி.

இந்த ஊரில் இலை உதிர்வது அங்கேதான்.
வங்கியில் பதினெட்டு, நகைக்கடையில் இருபது,
அவளுக்கு நாலு.
கதவுக்கு இந்தப்பக்கம் வியர்வை,
அந்தப்பக்கம் உதடு வெடிக்கிற ஒரு நாடு;
ரிமோட் யார் கையில் இருக்கிறதோ
அவரே வானம்.
பள்ளிக்கூடத்தில் கூதிர் என்று பாடமாக்கினேன்.
அது நனைந்த குளிர். இவருடையது காய்ந்த குளிர்.
இரண்டுக்கும் நடுவில் என் வாய்
திறந்தபடி நின்றது.

கடைசியாக, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டார்:
நுரையீரல் துயரம் தங்குகிற வீடு.
அண்மையில் யாரையும் இழந்தாளா?

இந்த ஊரில் அந்தக் கேள்வியை
வெறும் நாக்கால் கேட்க ஏலாது.
நான் கேட்டது இதுதான்:
"வீட்டில எல்லாரும் சுகமோ எண்டு கேக்கிறார்."

"சுகம்," என்றாள்.
பில் துண்டை இரண்டாய் மடித்தாள், நாலாய், எட்டாய்,
இனி மடியாது என்ற பிறகும்
நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார்.
நான் 'ஆம்' என்று சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசாமல்
லில்லிக் கிழங்கு இன்னொரு கைப்பிடி அள்ளிப்போட்டு
தாளை நூலால் கட்டினார்.
காசில் பாதியைத் திருப்பித் தள்ளினார்.
ஏன் என்று அவள் கேட்டாள்.
சில்லறை இல்லையாம், என்றேன்.
இன்றைக்கு எத்தனை பொய்.

மழை விட்டிருந்தது.
மட்டக்குளி பஸ்ஸில் ஜன்னல்கள் எல்லாம் மூடி,
தலைக்கு மேலே குளிர் துளை, மூட வழியில்லை.
சால்வையை எடுத்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
பக்கத்துச் சீட்டுப் பிள்ளை
புத்தகப் பையை என் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தியது.
"காய்ச்சலா அன்ரி?"

இல்லை, என்றேன்.
பருவம் மாறுது.